சுவரில்லாத வீடு

"மாட்டுக்கு வீடு கட்டுவதில் என்ன ஐயா விஞ்ஞானம் இருக்கிறது? நான்கு கால் நட்டு மேலே கூரை போட்டால் போதாதா?" என்று சென்ற வாரம் விடுதியில் நண்பர் ஒருவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்டார், ஆனால் ஏறக்குறைய அதுவே சரியான விடை. அதை நான் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டுப் பசு ஒரு கோடை முழுவதும் துன்பப்பட வேண்டியிருந்தது. அக்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னே ஒரு கீற்றுக் கொட்டகையில் அம்மா ஜெர்சிக் கலப்புப் பசு ஒன்றை வளர்த்து வந்தார். நான் இளங்கலைப் பட்டம் பெற்ற ஆண்டில், 'படித்தவன் வீட்டு மாடு ஓலைக் கொட்டகையிலா நிற்பது?' என்று எனக்கொரு வீம்பு பிறந்தது. அம்மாவின் சீட்டுப் பணத்தை வாங்கி, மூன்று புறமும் செங்கற் சுவர் எழுப்பி, மேலே தாழ்வாகத் தகரம் போட்டேன். ஊரார் மெச்சினர். சித்திரை வெயில் ஏறியதும் பசு வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. தீனி குறைந்தது. வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்த பால் மூன்றாக இறங்கியது. அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மாட்டுக்கு ஜெயிலு கட்டிட்டியேடா!"

கர்னாலுக்கு வந்து படித்த பின்னரே அச்சொல்லின் உண்மை எனக்கு விளங்கியது.

பசு, வயிற்றுக்குள் அடுப்பை வைத்திருக்கும் பிராணி. அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கச் செய்யும்போது வெப்பம் உண்டாகிறது. மிகுதியாகப் பால் சுரக்கும் பசுவிற்கு இவ்வெப்பமும் மிகுதி. உடல் வெப்பத்தை ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸில் காக்க வேண்டுமானால், உபரி வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். ஐரோப்பிய இனப் பசுக்களுக்குக் காற்றின் வெப்பம் 25 டிகிரியைக் கடந்ததுமே இது கடினமாகத் தொடங்குகிறது. நம் நாட்டு இனங்கள் இன்னும் தாங்கும். தள்ள முடியாதபோது பசு என்ன செய்யும்? அடுப்பில் விறகைக் குறைக்கும். அதாவது, தீனியைக் குறைக்கும். பாலும் உடன் குறையும். ஆகவே வெயிலைத் தடுப்பதும் காற்றை விடுவதுமே கொட்டகையின் கடமைகள். முதலாவதற்குக் கூரை போதும். இரண்டாவதைச் சுவர் கெடுத்துவிடுகிறது.

அப்படியானால் திறந்த கொட்டகையை எங்ஙனம் அமைப்பது? அதன் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போது நடுப்பகல் நிழல் கூரையின் கீழேயே நிற்கும். காலை மாலை வெயில் பெரும்பாலும் குறுகிய பக்கங்களின் வழியே நுழையும். கூரையின் தாழ்ந்த விளிம்பும் மூன்று மீட்டர் உயரத்திற்குக் குறையாதிருத்தல் நன்று. தாழ்ந்த தகரம் காய்ந்து மாட்டின் முதுகில் அனலை வீசும். முகட்டில் நீள நெடுக ஒரு திறப்பு விட வேண்டும். சூடான காற்று இலேசானது. அது மேலெழுந்து அவ்வழியே வெளியேற, பக்கங்களிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். சமையலறைப் புகைக்கூண்டின் தத்துவமே இது. கொட்டகையின் அகலத்தில் மூன்று மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் திறப்பு என்பது கணக்கு.

பசு ஒன்றுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும், அதையொட்டிய திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் வேண்டும். கட்டிப்போடாமல் விட்டால் நிழலையும் வெயிலையும் அதுவே தேடிக்கொள்ளும். பசு நாளில் பாதி நேரம் படுத்திருக்கும் பிராணி. படுத்திருக்கையில் மடிக்குச் செல்லும் இரத்தமும் கூடுகிறது. எனவே தரை வழுக்காமலும், நீர் தேங்காத சாய்வோடும் இருத்தல் வேண்டும்.

'திறந்த கொட்டகை' என்பதால் அது ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்க வேண்டும் என்பதன்று. கர்னாலின் ஜனவரிக் குளிரை நாம் அறிவோம் அன்றோ? அப்போது வாடை வரும் பக்கத்தில் கோணிப் படுதாவை இறக்கிவிட வேண்டும். மே மாதத்து வறண்ட அனற்காற்றில் மாட்டின்மேல் நீர் தெளித்தால், அது ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். ஆகஸ்டுப் புழுக்கத்தில் நீர் எளிதில் ஆவியாகாது. அப்போது காற்றோட்டமே பெருந்துணை. சுவரை நினைத்தபோது சுருட்ட முடியாது, படுதாவைச் சுருட்டலாம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்று கடப்பாரையைக் கையில் எடுத்தேன். மூன்று சுவர்களையும் முழங்கால் உயரத்திற்கு இடித்தேன். தகரத்தைக் கழற்றி உயர்த்தி, முகட்டில் நான்கு விரல் இடம் விட்டு, மேலே தென்னங்கீற்றைப் பரப்பினேன். அந்த ஈற்றில் இழந்த பாலும், அம்மாவின் சீட்டுப் பணமும் திரும்பவில்லை. ஆனால் இக்கோடையில் பசு வாயை மூடி, அமைதியாகப் படுத்து அசைபோட்டது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! பகல் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். உங்களால் நிற்க முடியவில்லையென்றால், மாடும் அங்கே நிற்க வேண்டியதில்லை.