பெஞ்சில் உட்கார்ந்திருந்த உளவாளி

அமெரிக்க பேஸ்பாலில் கேட்ச்சர் என்று ஓர் ஆசாமி உண்டு. நம்ம விக்கெட் கீப்பருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. முகத்தில் கம்பிக் கூண்டு, நெஞ்சில் கவசம், இத்தனையும் மாட்டிக்கொண்டு ஆட்டம் பூரா குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அடுத்த பந்தை எப்படிப் போடலாம் என்று தொடை நடுவே விரலைக் காட்டி சிக்னல் கொடுப்பதும் அவர்தான். எதிராளி பார்த்துவிடக் கூடாது!

அந்த வேலையில் இருந்தவர் மோ பெர்க். 1902-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். பையன் பிரின்ஸ்டனில் படித்தது லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன்... கூடவே ஸமஸ்கிருதம்! பிறகு கொலம்பியாவில் வக்கீல் பட்டம். இவ்வளவு படித்துவிட்டு ஐயா போய்ச் சேர்ந்தது பேஸ்பால் டீமில். அப்பாவுக்கு வந்த கோபத்தில் மகன் ஆடிய ஒரு மேட்ச்சைக்கூட கடைசிவரை பார்க்கவில்லை. (நம்ம ஊர் அப்பாக்கள் தேவலை. திட்டிக்கொண்டே ஸ்கோர் கேட்பார்கள்!)

ஆட்டம் எப்படி? சுமார்தான் ஸார். 15 ஸீஸன், 663 ஆட்டம், மொத்தமே ஆறு ஹோம் ரன். பேப் ரூத் 1927-ல் ஒரே ஸீஸனில் 60 அடித்தவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'இவருக்குப் பத்துப் பன்னிரண்டு பாஷை தெரியும், ஆனா ஒரு பாஷையிலும் பந்தை அடிக்கத் தெரியாது' என்று கூட ஆடினவர்களே கிண்டல் அடித்தார்கள். முழங்கால் வேறு போச்சு. பாதி நாள் பெஞ்சில்தான். தினம் கட்டுக் கட்டாகப் பேப்பர் வாங்குவார். அவர் படிக்குமுன் வேறு யாராவது தொட்டுவிட்டால் அந்தப் பேப்பர் 'செத்துப்போச்சு'. புதுசு வாங்கி வருவார்.

1934-ல் பேப் ரூத், லூ கெரிக் மாதிரி ஜாம்பவான்களோடு இந்த சுமார் கேட்ச்சரும் ஜப்பான் டூர் போனார். ஒரு நாள் டோக்கியோவில் கிமோனோ மாட்டிக்கொண்டு, கையில் பூங்கொத்தோடு ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். அமெரிக்கத் தூதரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்க வந்தேன் என்று பேர். நேரே மொட்டை மாடி. மறைத்து வைத்திருந்த மூவி கேமராவில் ஊரையே படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1942-ல் டோக்கியோ மேல் குண்டு போட அந்தப் படம்தான் உதவியது என்று அளப்பவர்கள் உண்டு. நான் நம்பத் தயாராக இல்லை.

ஆனால் அடுத்தது நிஜம். போர் சமயத்தில் அமெரிக்க உளவுத் துறையான ஓ.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தார். 1944 டிசம்பரில் ஸூரிச் நகரில் ஜெர்மன் விஞ்ஞானி ஹைஸன்பர்க் லெக்சர் கொடுக்க வந்தார். ஹிட்லருக்கு அணுகுண்டு கிட்டத்தட்ட ரெடி என்று பேச்சில் தெரிந்தால் அங்கேயே சுட்டுவிட வேண்டும். பெர்க்குக்கு உத்தரவு இதுதான். பாக்கெட்டில் துப்பாக்கி, மாட்டிக்கொண்டால் கடிக்க ஸயனைடு. மாணவர் மாதிரி உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தார். பேசியதோ குண்டைப் பற்றியே அல்ல, கணக்கும் ஃபிஸிக்ஸும். யோசித்துப் பாருங்கள். தப்பாகக் கணித்து விட்டுவிட்டால் ஒரு நகரமே போகலாம். தப்பாகக் கணித்துச் சுட்டால் போவது நிரபராதி உயிர், கூடவே தன் உயிர்.

பெர்க் சுடவில்லை. அப்புறம் நடந்த விருந்தில் ஹைஸன்பர்க், ஜெர்மனி தோற்றுப்போன மாதிரியே பேசியதையும் கேட்டுக்கொண்டார். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்பது போர் முடிந்ததும் ஊர்ஜிதமாயிற்று.

அரசாங்கம் கொடுத்த மெடலை வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் உருப்படியாக வேலை எதுவும் இல்லை. அண்ணன் வீட்டில் பதினேழு வருஷம். அவரே பொறுக்கமாட்டாமல் வக்கீல் நோட்டீஸ் அளவுக்குப் போக, அக்கா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கினார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பாராம்.

1972 மே மாதம் ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசியாக நர்ஸிடம், இன்னிக்கு மெட்ஸ் டீம் எப்படி ஆடினாங்க என்று விசாரித்ததாகச் சொல்வார்கள். அன்று மெட்ஸ் ஜெயித்திருந்தது. மெடலை அக்காதான் போய் வாங்கிக்கொண்டார்.