எங்க வீட்டுக் கார் 17 சென்டிமீட்டர்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. கட்டிலுக்கு அடியில் டார்ச் லைட்டோடு குப்புறப் படுத்திருந்தேன். மனைவி எழுந்து லைட்டைப் போட்டாள்.

"என்னத்தைத் தேடறீங்க?"

"சைடு மிரர்."

"எந்த சைடு மிரர்?"

"கார் சைடு மிரர்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டாள்: "ஏங்க, நம்மகிட்டதான் காரே கிடையாதே?"

இருக்கிறது ஸார். 17 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வோக்ஸ்வாகன் பீட்டில். செருப்புக் கடை அட்டைப்பெட்டிக்குள் பெயிண்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் சைடு மிரர் ஒரு அரிசிமணி சைஸ். ட்வீசரால் எடுக்கும்போது 'டிங்' என்று தெறித்தது. அவ்வளவுதான், ஆள் அட்ரஸ் இல்லை! கார் மாடல் செய்ய ஆரம்பித்த ஒவ்வொருவனும் ஒருநாள் இப்படிக் கட்டிலுக்கு அடியில் படுத்தே தீரவேண்டும். அதுதான் இதற்கு அட்மிஷன் ஃபீஸ்.

இது கடையில் வாங்கி ஷோகேஸில் வைக்கிற ரெடிமேட் பொம்மை இல்லை. பெட்டியைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அதில் பம்பர், ஸ்டியரிங், சீட், எஞ்சின் எல்லாம் கொடியில் காய்க்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நாமேதான் நறுக்கி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். என்னுடைய சைஸ் 1/24. அதாவது நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு. ஏன் 24 என்று வினோதமான நம்பர்? ஒரு அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் வருவது அது. நாலு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிற பீட்டில், 17 சென்டிமீட்டரில் அடங்கிவிடும்.

'முப்பத்தஞ்சு வயசுக்கு மேலே பொம்மையா?' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஆபீஸில் வேலை பார்க்கும் நம் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு ஸார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மாடு மாதிரி உழைப்போம். ஆனால் வீட்டுக்கு வந்து 'இன்னிக்கு இதைச் செஞ்சேன்' என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. நான் பி.காம். முடித்து ஏழு வருஷம் கணக்கு எழுதினேன். எத்தனையோ பாலன்ஸ் ஷீட் டேலி ஆயிற்று. ஒன்றையாவது மேஜை மேல் வைத்து ரசிக்க முடிந்ததா? இந்தக் காரை வைத்து ரசிக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பைத்தியம்.

செலவு? அதற்குத்தானே காமர்ஸ் படித்தது! வீட்டுக்கு ஒரு லெட்ஜர், எனக்கு ஒரு லெட்ஜர். பீட்டிலின் விலை வீட்டு லெட்ஜரில் பாதிதான். பீரோ மேல் பிரிக்காத பெட்டிகள் இன்னும் ஆறு இருக்கின்றன. உலகம் பூரா மாடல் செய்பவர்களுக்கு இருக்கிற குறைதான் இது. கட்டுகிற வேகத்தைவிட வாங்குகிற வேகம் ஜாஸ்தி. கேட்டால் 'குளோஸிங் ஸ்டாக்' என்பேன்.

* * *

ஒட்டுவது சுலபம். இதற்கென்று விற்கிற சிமென்ட், தண்ணீர் மாதிரி இருக்கும். அது பசையே இல்லை. பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து, இரண்டு பாகங்களையும் ஒன்றோடு ஒன்று கலக்கவிட்டு ஆவியாகிவிடும். கிட்டத்தட்ட வெல்டிங். கண்ணாடிகளுக்கு மட்டும் சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி பட்டால் கண்ணாடி மார்கழி மாசத்துக் காலை மாதிரி மூடிக்கொள்ளும்.

ஆளைக் கவிழ்ப்பது பெயிண்டிங்தான். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நிஜக் காரின் மேல் இருக்கிற பெயிண்ட், சுமாராக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அதே கனத்தை மாடல் மேல் அடித்தால் 24 மடங்கு. நிஜக் காருக்கு இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் மெழுகிய மாதிரி ஆகிவிடும்! கதவு இடுக்கெல்லாம் அடைத்து, கார் வெண்ணெயில் செய்தது போல் இருக்கும். அதனால் மெல்லிசாக, மிக மெல்லிசாக அடிக்க வேண்டும். தெரியும். கை கேட்டால்தானே?

என் முதல் கார் ஒரு மினி கூப்பர். பெயிண்ட் சரியாக வரவில்லை. துடைத்து எடுக்கலாமே என்று மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தேன். அதிலிருந்த அசிட்டோன் பெயிண்டை மட்டுமா கரைத்தது? கூரையையும் சேர்த்து! மினி கூப்பர் நமத்துப்போன அப்பளம் ஆயிற்று. 'பாட்டில் காலியா இருக்கே?' என்ற விசாரணை தனி.

அடுத்ததுதான் இந்த நீல பீட்டில். இந்த முறை ரூல் பிரகாரம் செய்தேன். அச்சில் ஒட்டியிருக்கும் எண்ணெய் போக பாடியை சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பிரைமர் அடித்தேன். ஸ்ப்ரே டின்னைக் குலுக்கி நீலத்தை அடித்தேன். ஒரே ஒரு தப்பு. அன்றைக்கு நல்ல மழை. காய்ந்ததும் பார்த்தால், பானெட் பூராவும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. விபூதி பூசிய மாதிரி! போதாக்குறைக்கு கதவில் பெயிண்ட் வழிந்து கண்ணீர் கோடு. சரி, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மிரரை மாட்டப் போனபோதுதான் அந்த 'டிங்'.

* * *

மறுநாள் காலை, காபி டம்ளரோடு அப்பா பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். அட்டைப்பெட்டியின் மூடி திறந்திருந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கார் பெயிண்டர். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று அவர் கை படாத வண்டி கிடையாது. சின்ன வயசில் மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். கேட்டுக்கு வெளியேவே தூக்குவாளியை வாங்கிக்கொண்டு துரத்திவிடுவார். உள்ளே காலை வைத்ததில்லை. 'எம் பையன் கையில பெயிண்ட் படக் கூடாது' என்பது அவருடைய வைராக்கியம். அதனால்தான் பி.காம்.

இப்போது எங்களோடு இருக்கிறார். மாடிப்படி ஏறினால் இரைப்பு. டூ-பேக் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்று ஒரு சமாசாரம் உண்டு. அதைச் சுவாசிக்கிற பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரும் என்பது இன்று மருத்துவம் அறிந்த விஷயம். அவர் காலத்தில் முகத்தில் கட்டிக்கொண்டது ஒரு கைக்குட்டை.

மாசக் கணக்காக நான் செய்வதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவர், அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"மழையில எவன்டா பெயிண்ட் அடிப்பான்?"

நான் முழித்தேன்.

"தின்னர் ஆவியாவறப்ப தகடு ஜில்லுனு ஆயிடும். காத்துல இருக்கற ஈரம் அப்படியே வந்து மேல உக்காந்துக்கும். அதான் வெளுத்துப் போச்சு. டூக்கோ அடிக்கறப்பவும் இதே கதைதான். வெயில் வந்தப்புறம் மேல ஒரு கை அடிச்சா வெளுப்பு போயிடும். ஆனா கதவுல ஓட விட்டிருக்கியே... உரிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பி."

"உரிச்சா பிளாஸ்டிக் கரைஞ்சிடும்ப்பா. மினி கூப்பர் அப்படித்தான்..."

"பிரேக் ஆயில் வாங்கிட்டு வா. பிரேக் ஆயில் சிந்தினா பெயிண்ட் உரிஞ்சிடும்னு ஒர்க் ஷாப்புல டீ வாங்கற பையனுக்குக்கூடத் தெரியும். முதல்ல அந்த வெட்டிப் போட்ட சட்டத்துல வெச்சுப் பாரு. கையில கிளவுஸ் போட்டுக்க."

சட்டம் கரையவில்லை. பாடியை ஊறப்போட்டேன். அடுத்த நாள் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நீலம் சுருண்டு சுருண்டு வந்தது. எத்தனையோ நாடுகளில் மாடல் செய்கிறவர்கள் கையாளும் வைத்தியமாம் இது. எனக்கு வீட்டுக்குள்ளேயே டாக்டர் இருந்திருக்கிறார்!

அன்று சாயங்காலம் அவரிடம் தாமியா கதையைச் சொன்னேன். ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் 1946-ல் மர வியாபாரமாக ஆரம்பித்த கம்பெனி. மர மாடல் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. நிறுவனரின் மகன் ஷுன்சாகு தாமியா காலத்தில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. அவர் 2025 ஜூலையில் தமது 90-வது வயதில் காலமானார். 1970-களில் போர்ஷ் 934 மாடல் செய்தபோது, அளவெல்லாம் துல்லியமாக வேண்டும் என்று நிஜமான போர்ஷ் 911 காரையே விலைக்கு வாங்கி அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தவர்.

அப்பா அசரவில்லை. "பிரிக்கறது என்னடா, எவன் வேணும்னாலும் பிரிப்பான். திரும்ப மாட்டணும்."

அமெரிக்கக் கதையையும் சொன்னேன். 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு பையன்களுக்கு ஒரு போட்டி ஆரம்பித்தது. முதலில் குட்டிக் குதிரை வண்டி செய்ய வேண்டும். 1937-லிருந்து சொந்தமாக டிசைன் செய்த கார் மாடல். பரிசு, காலேஜ் படிப்புக்கு ஸ்காலர்ஷிப். 1968 வரை நடந்தது. 1947-ல் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற பையன், 1986-ல் அந்தக் கம்பெனியின் டிசைன் துறைக்கே தலைவர் ஆனார்.

இதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே பொம்மைக் காருக்குப் பெயிண்ட் அடித்த பையனை அழைத்து நாற்காலி போட்டிருக்கிறார்கள். நிஜக் காருக்குப் பெயிண்ட் அடித்த மனுஷர், தன் தொழில் மகன் கையில் ஒட்டக்கூடாது என்று கேட்டிலேயே நிறுத்தியிருக்கிறார்.

* * *

பத்து நாள் கழித்து வெயில் வந்தது. முகத்தில் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் போட்ட பிறகுதான் டின்னைத் தொட விட்டார். அவர் பால்கனிக்கு வரவே இல்லை. ஹாலில் நின்று கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கையை ஆட்டினார், டிராஃபிக் போலீஸ் மாதிரி.

ஜன்னல் வழியாக நான் கற்ற பாடம் இதுதான். ஸ்ப்ரே டின்னைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வை. கொதிக்கிற தண்ணீர் கூடாது, வெடிக்கும். ஒரு சாணுக்குச் சற்று மேலே தள்ளிப் பிடி. வண்டிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, வண்டியைத் தாண்டி வெளியே போய் நிறுத்து. நடுவில் நிறுத்தினால் ஓடும். முதல் கோட்டில் கலர் தெரியவே கூடாது, பனி படிந்த மாதிரி இருந்தால் போதும். கால் மணி பொறு. இரண்டாவது. பொறு. கடைசிக் கோட்டில் மட்டும் ஈரப் பளபளப்பு. அப்புறம் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதே.

ஒரு வாரம்! நான் தினமும் இரண்டு தடவை ஜன்னல் பக்கம் போனேன். இரண்டு தடவையும் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

எட்டாம் நாள் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். பிறகு கம்பவுண்ட். இதை மட்டும் அவரே செய்தார். புகை கிடையாதே! பனியன் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, பானெட்டை வட்டம் வட்டமாக. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. பத்து நிமிஷத்தில் அந்த 17 சென்டிமீட்டருக்குள் டியூப் லைட் தெரிந்தது. அப்பாவின் மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, இதெல்லாம் அப்பவே எனக்கு ஏன் சொல்லித் தரல?"

கம்பவுண்ட் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "சொல்லிக் குடுத்திருந்தா கத்துக்கிட்டிருப்பே."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு துளி பஞ்சு. பஞ்சுக்குள்... சைடு மிரர்!

"உங்ககிட்டயா இருந்தது?"

"மறுநாளே கிடைச்சுது. கட்டில் கால்கிட்ட."

"மூணு வாரமாத் தேடறேன். குடுக்கக் கூடாதா?"

"குடுத்திருந்தா அந்த வெளுத்த வண்டியிலேயே ஒட்டியிருப்பே."

மிரரை ஒட்டினேன். அப்பா காரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். பின்பக்க மட்கார்டில் ஒரு இடத்தில் லேசாகத் தூசி விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறது.

"மொத்தம் எவ்ளோடா ஆச்சு?"

முதல் தடவையாக ஒரிஜினல் லெட்ஜரைத் திறந்தேன். கிட், பெயிண்ட், மாஸ்க், சாமான்கள் எல்லாம் சேர்த்துத் தொகையைச் சொன்னேன். அப்பாவின் கையில் கார் ஒரு தடவை ஆடிற்று.

"அடப்பாவி! இந்தக் காசுக்கு அந்தக் காலத்துல நிஜ அம்பாசிடரையே புதுசு மாதிரி அடிச்சுக் குடுத்திருக்கேன்டா!"

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மருமககிட்ட பாதியா சொல்லு" என்றார்.

"ஏற்கெனவே பாதிதாம்ப்பா சொல்லியிருக்கேன்."

யோசித்தார். பீரோ மேலே நிமிர்ந்து பார்த்தார். "சரி, அடுத்தது எதைப் பிரிக்கப் போறே?"

இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகையில் மட்டும் இந்தப் பக்கங்கள் இருக்காது. பைண்டிங் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என அப்பா ஐடியா கொடுத்திருக்கிறார்.