பெரிய வங்கிகளும் அரசின் மீட்பும்

வங்கி ஏனைய தொழில் நிறுவனங்களைப் போன்றதன்று. ஓர் ஆலை மூடப்பட்டால் அதன் உரிமையாளரும் தொழிலாளரும் பாதிக்கப்படுவர். பெரிய வங்கியொன்று மூடப்பட்டாலோ அதில் பணம் வைத்துள்ள பிற வங்கிகளும் தள்ளாடும். எனவேதான் அத்தகைய வங்கி நொடிக்கும்போது அரசு கைகொடுக்க நேரிடுகிறது. ஆயினும் இவ்வுதவியில் அடங்கியுள்ள அபாயங்கள் எளிதில் புலப்படுவதில்லை. அமெரிக்காவில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகள் இவற்றைத் தெளிவாக்கும்.

இரு வங்கிகள், இரு நீதிகள்

எண்ணெய், எரிவாயுத் துறைக்குத் தாராளமாகக் கடன் வழங்கிய ஒக்லஹோமா நகரின் பென் ஸ்குவேர் வங்கி 1982 ஜூலையில் மூடப்பட்டது. வைப்புக் காப்பீட்டுக் கழகம், வரம்பான 1,00,000 டாலர் வரை வைப்பாளர்களுக்கு ஈடு செய்தது. அதற்கு மேல் வைத்திருந்தோர் இழப்புக்கு ஆளாயினர்.

அவ்வங்கியின் கடன்களில் சுமார் 100 கோடி டாலர் அளவுக்குப் பங்கு கொண்டிருந்தது சிகாகோவின் காண்டினென்டல் இல்லினாய்ஸ் வங்கி. இவற்றுடன் வேறு பல கடன்களும் வாராக் கடன்களாயின. 1984 மே மாதத்தில் அயல்நாட்டு வைப்பாளர்கள் பணத்தை விரைந்து திரும்பப் பெற்றனர். நாட்டின் பெரிய வங்கிகளுள் ஏழாவதாக விளங்கிய அதில் ஏறத்தாழ 2,300 வங்கிகள் பணம் வைத்திருந்தன. ஆகவே வைப்பாளர், கடன் கொடுத்தோர் அனைவருக்கும் வரம்பின்றி உத்தரவாதம் அளிக்கப்பட்டது. கழகம் 100 கோடி டாலர் மூலதனம் இட்டு, 80 சதவீத உரிமையை ஏற்றது. உயர் நிர்வாகிகள் அகற்றப்பட்டனர். பங்குதாரர்கள் பெரும்பாலும் அனைத்தையும் இழந்தனர். கழகத்திற்கு இறுதியில் ஏற்பட்ட இழப்பு சுமார் 110 கோடி டாலர். கழகத்தின் நிதி வங்கிகள் செலுத்தும் பிரிமியத்தால் திரள்வது. ஆதலின், பெரிய வங்கியின் தவறுக்குச் சிறு வங்கிகளும் விலை கொடுத்தன.

மறைந்துள்ள செலவு

இதனினும் பெரியது கணக்கேடுகளில் பதிவாகாத செலவு. நாட்டின் மிகப் பெரிய 11 வங்கிகளை அரசு வீழ விடாது என்னும் கருத்து, 1984 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிப்பட்டது. அத்தகைய நம்பிக்கை நிலவினால், கடன் கொடுப்போர் வங்கியின் நிலையை ஆராய மாட்டார்கள். குறைந்த வட்டிக்கே பணம் தருவார்கள். வங்கியும் துணிந்து ஆபத்தான கடன்களை வழங்கும். இலாபம் தனியாருக்கும் நட்டம் பொதுமக்களுக்கும் உரியதாகிவிடும்.

வருமுன் காத்தல்

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2015 முதல் இத்தகைய முக்கிய வங்கிகளை இனங்கண்டு, கூடுதல் மூலதனம் வைத்திருக்கப் பணித்து வருகிறது. வைப்புக் காப்பீட்டு வரம்பு 2020 பிப்ரவரியில் 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கியின் கணக்கை ஆராயும் ஆற்றல் சிறு வைப்பாளருக்கு இல்லை. ஆகவே அவரைக் காத்தல் அரசின் கடமை. பெருந்தொகை கடன் கொடுப்போருக்கோ அவ்வாற்றல் உண்டு. அவர்களையும் இழப்பிலிருந்து முற்றிலும் விடுவிக்கும் மீட்பு, அடுத்த நெருக்கடிக்கே வித்திடும்.