பை-டூ காபி போதும்

சிகரெட்டை நிறுத்தியவருக்கு முதல் நாள் வீம்பிலேயே ஓடிவிடும். வினை இரண்டாம் நாளில்தான் ஆரம்பம். ரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இரவு பத்து மணிக்குக் கடைசி சிகரெட்டை அணைத்தவரின் உடம்பில் மறுநாள் இரவு அது அநேகமாக இருக்காது. ஆனால் வருடக்கணக்கில் புகைக்குப் பழகிய மூளையில், நிகோட்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பெருகிக் கிடக்கின்றன. அவை பழைய எண்ணிக்கைக்கு இறங்கப் பல வாரங்கள் பிடிக்கும். ரேஷன் கடையில் சரக்கு தீர்ந்துபோய், வரிசை மட்டும் கலையாமல் நிற்பது போன்ற நிலைமை. எரிச்சல், கவனச் சிதறல், அகோரப் பசி, அரைகுறைத் தூக்கம், சிலருக்கு மலச்சிக்கல், வாய்ப்புண். இரண்டாம் மூன்றாம் நாளில் இவை உச்சத்துக்குப் போய், பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மெல்ல அடங்கும். தனியாக, உதவியின்றி விட முயல்பவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள்.

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு வேலைக்கோ பயிற்சிக்கோ வரும் தமிழ் இளைஞர்களுக்கு மாலை நான்கு மணிப் பெட்டிக்கடை பழக்கமானதுதான். கயிற்றில் தொங்கும் லைட்டர், வரிசையாகக் கடலை மிட்டாய் ஜாடிகள், பாதி டம்ளர் காபி. “பாரோ மகா” என்று கன்னடத்தில் கூப்பிட்டாலும், “வாடா மச்சி” என்று தமிழில் கூப்பிட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். சில்லறையில் ஒற்றை சிகரெட் விற்கக் கர்நாடகத்தில் தடை இருக்கிறது. 2025 மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் புகையிலை வாங்கும் வயதை 18இலிருந்து 21 ஆக்கி, அபராதத்தையும் உயர்த்தியது. இதே மைசூர் மாவட்டத்தின் ஹுன்சூரிலும் பிரியாபட்டணத்திலும் சிகரெட்டுக்கான வர்ஜீனியா புகையிலை விளைந்து, புகையிலை வாரியத்தின் ஏல மையங்களுக்குப் போகிறது. சட்டத்திலும் ஏலத்திலும் இருப்பது அரசுக் கையெழுத்துதான். எந்தக் கை எதை அறியும் என்று கேட்டு என்ன பயன்?

புகைக்கும் வெறி சேர்ந்தாற்போல் மணிக்கணக்கில் நீடிப்பதில்லை. சில நிமிடங்கள் ஏறி, யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கிவிடும். அந்தச் சில நிமிடங்கள்தான் ஒரு நண்பரின் வேலை நேரம். அறிவுரை தேவையில்லை. “எங்கே இருக்கே? கீழே வா, ஒரு சுற்று நடந்துட்டு வரலாம்” என்றால் போதும். அதைவிட நல்லது, அவரும் அதே நாளில் விட்டவராக இருப்பது. அவருக்கும் அதே இரண்டாம் நாள், அதே கடுகடுப்பு. யாரும் யாருக்கும் உபதேசிக்க முடியாது. பிரிட்டனில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில், சிகரெட்டை விட வந்தவர்களை இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிட்டார்கள். சிகிச்சையின் முடிவில் ஜோடியாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேர் புகைக்காமல் தாக்குப்பிடித்தார்கள். தனியாக முயன்றவர்களில் 12 சதவீதம்.

கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகர ஆய்விலிருந்து 12,067 பேரின் 32 ஆண்டுத் தகவல்களை எடுத்து அலசினார்கள். நண்பர் விட்டுவிட்டால் நாம் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைகிறது. சிறிய நிறுவனத்தில் சக ஊழியர் விட்டால் 34 சதவீதம். கணவனோ மனைவியோ விட்டால் 67 சதவீதம். கவனிக்க வேண்டியது, அவர்களும் ‘விட்டால்’ என்பதுதான். புகைக்காத மனைவியைக் காவல் வைத்து, சட்டைப் பையை மோந்து பார்க்கச் சொல்வது வேறு சமாச்சாரம். துணைவருக்குப் பயிற்சி கொடுத்து உதவச் சொன்ன ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. வீட்டில் சண்டை மிச்சம் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இனி காபி. மைசூரில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. சிகரெட் புகையில் உள்ள சில ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. கஃபீனைச் சிதைக்கும் நொதியும் அதுவே. அதனால் புகைப்பவர் உடம்பு காபியை மளமளவென்று கரைத்துத் தள்ளிவிடும். புகை நின்ற சில நாட்களில் நொதி பழைய நிலைக்கு இறங்குகிறது. வழக்கமாகக் குடிக்கும் அதே நான்கு டம்ளர் காபியில் ரத்தத்தில் கஃபீன் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. ‘சிகரெட் இல்லாமல் நம்மால் முடியாது’ என்று அவர் முடிவு கட்டுகிறார். குற்றவாளி டம்ளரில் இருக்கிறான். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்குக் க்ளோசபின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இதே நொதியால் மருந்தின் அளவும் மாறும். அவர்கள் புகையை விடும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

காபிக்குக் கர்நாடக ஹோட்டல்களிலேயே பரிகாரம் உண்டு. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப்பாதியாக ஊற்றித் தரும் ‘பை-டூ’. சேர்ந்து விடும் இருவருக்கும் கஃபீன் பாதி, எதிரே ஆளும் இருப்பார். ஒரே எச்சரிக்கை: அதைச் சிகரெட் விற்காத ஹோட்டலில் உட்கார்ந்து குடியுங்கள்.

நண்பர் மட்டும் போதாதவர்களுக்கு, வெறியைத் தணிக்கும் இரண்டு மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கிடைக்கும். அதைப் பபிள்கம் மாதிரி மென்று தள்ளினால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் மறைந்ததும் மறுபடி மெல்லலாம். காபி குடித்த வாயில் அமிலம் இருப்பதால் நிகோட்டின் சரியாக ஏறாது. குடித்துக் கால் மணி நேரம் கழித்துப் போடுவதே முறை.

பேச ஆளே இல்லாதவருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2016இல் டெல்லியில் தொடங்கிய இந்தச் சேவைக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் ஒரு மையம் உண்டு. தென்னிந்திய மொழிகளில் பேசலாம். 2018இலிருந்து இந்த எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது. ஆலோசகர் முதலில் கேட்பது, ‘எந்த நாளில் விடப் போகிறீர்கள்?’ என்பதாகவே இருக்கும். நல்ல நாள் பார்ப்பவர்கள் கிழமையையும் பார்க்கட்டும். வியாழனில் தொடங்கினால் மூன்றாம் நாள் சனிக்கிழமை ராத்திரியில் வந்து விழும். அன்று மது, பழைய கூட்டம், நீட்டப்படும் பாக்கெட் எல்லாம் ஒன்றாக வரும். திங்கட்கிழமை தொடங்கினால் மூன்றாம் நாள் புதன்.