உங்களுக்குத் தெரியுமா? மார்க் கூடினால் ஆபத்து!

ஆஸ்பத்திரி வார்டில் இருப்பவர் 'திடீரென்று மோசமாகிவிட்டார்' என்போம். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. பல மணி நேரம் முன்பே உடம்பு சைகை காட்டத் தொடங்கிவிடும். அதைக் கோட்டைவிடாமல் இருக்க, பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் 'நியூஸ்' என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு, உடல் வெப்பம் ஆகிய ஆறுக்கும் 0 முதல் 3 வரை மார்க். ஆக்சிஜன் வைத்திருந்தால் கூடுதலாக 2. கூட்டுத்தொகை 5 என்றால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும். 7-ஐத் தொட்டால் அவசரநிலை.

இவற்றில் முந்திக்கொண்டு மாறுவது பல நேரம் மூச்சுதான். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐ எட்டினால் அதற்கு மட்டுமே 3. வேடிக்கை என்னவென்றால், வார்டுகளில் அதிகம் விட்டுப்போவதும் இதுவே. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முழு நிமிடம் எண்ண யாருக்குப் பொறுமை?

2017-இல் வந்த திருத்தம், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசினால் அதற்கும் 3 தரச் சொன்னது. மார்க் குறைவாக இருந்தாலும் 'இவர் சரியில்லையே' என்று நர்ஸுக்குத் தோன்றினால் டாக்டரை அழைக்கலாம். அதையும் இந்த முறை ஒப்புக்கொள்கிறது.