கண்ணை நம்பாத பெட்டி

கேமராவுக்கு மேல் சின்னத் திரையோடு ஒரு பெட்டியைப் பொருத்தியிருப்பதைப் படப்பிடிப்புகளில் பார்த்திருப்பீர்கள். படம் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்கான மானிட்டர் என்றே பலரும் நினைக்கிறார்கள். சில பெட்டிகளுக்குள் ஒரு ரெக்கார்டரும் இருக்கிறது. கேமராவே பதிவு செய்யும்போது வெளியே இன்னொரு பதிவு எதற்கு?

ஒரு கணக்குப் போடுவோம். 1920×1080 அளவுள்ள ஒரு பிரேமில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தலா 8 பிட், மூன்றும் சேர்த்து 24 பிட். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஏறத்தாழ 124 கோடி பிட். ஆனால் ஏவிசிஎச்டி முறையில் இதே வேகத்தில் பதியும் கேமரா, மெமரி கார்டுக்கு அனுப்புவது நொடிக்கு அதிகபட்சம் 2.4 கோடி பிட்தான். ஐம்பதில் ஒரு பங்கு!

மீதி போனது நமக்குத் தெரிவதில்லை. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும்; நிற வேறுபாட்டில் அவ்வளவு கெட்டியில்லை. அதனால் நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்கிறது கேமரா. போதாததற்கு, ஒரு பிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறிய இடங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. உட்கார்ந்து பேசும் ஒருவரை எடுக்கும்வரை எல்லாம் சுகம். கொட்டும் மழை, அலை, காற்றில் ஆடும் இலைகள் என்று பிரேம் முழுவதும் மாறிக்கொண்டே இருந்தால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

கேமராவின் எச்டிஎம்ஐ துளை வழியாக வெளியேறும் படமோ இந்தச் சுருக்கலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. அதைப் பிடித்து வைப்பதுதான் ரெக்கார்டரின் வேலை. மெல்பர்னைச் சேர்ந்த அட்டமோஸ் நிறுவனம் 2011-ல் கொண்டுவந்த ‘நிஞ்சா’, லேப்டாப் ஹார்டு டிஸ்க்கில் இதைச் செய்தது. ஆப்பிளின் ப்ரோரெஸ் முறையில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகப் பதிவாகும். அதன் உயர்தர 422 எச்கியூ வகையில் நொடிக்கு 18.4 கோடி பிட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 83 ஜிபி. ஆனால் கேமரா 8 பிட் நிறம்தான் அனுப்புகிறது என்றால், ப்ரோரெஸின் 10 பிட் கோப்பில் பதிந்தும் பயனில்லை. அரைப்படிப் பாலை ஒருபடிப் பாத்திரத்தில் ஊற்றுவது போலத்தான். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

எனக்கு இதைவிட வியப்பு அந்தத் திரைதான். உச்சி வெயிலில் அது மங்கலாகத் தெரியும். படம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து ஒளியைக் கூட்டினால் முகம் வெளுத்துப்போகும். இரவிலோ அதே திரை பளீரென்று இருக்கும். அதை நம்பி ஒளியைக் குறைத்தால் படம் இருண்டுவிடும். சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் தன்னை மாற்றிக்கொள்வதால் வரும் வினை இது. அதனால்தான் திரையில் அளவுகோல்கள். வெளுக்கப்போகும் இடங்களில் ‘ஸீப்ரா’ கோடுகள் ஓடும். ‘ஃபால்ஸ் கலர்’ போட்டால் ஒவ்வொரு வெளிச்ச அளவும் ஒரு நிறமாகிவிடும். முகத்தில் எந்த நிறம் விழுகிறது என்று பார்த்தால் போதும், திரை மங்கலா பளீரா என்ற கவலை இல்லை. ‘பீக்கிங்’ பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளுக்கு வண்ணம் தீட்டும். பதிவில் கண்ணின் பலவீனத்தைச் சாதகமாக்கிக்கொண்ட அதே தொழில்நுட்பம், கண்காணிப்பில் அந்தக் கண்ணை நம்ப மறுக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பலவீனமான இடம் எலக்ட்ரானிக்ஸ் அல்ல, கேபிள். பல கேமராக்களில் இருக்கும் மைக்ரோ எச்டிஎம்ஐ துளை விரல்நகத்தைவிடச் சிறியது. இணைப்பு ஆட்டம் கண்டால் பதிவு அங்கேயே நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் கேபிளைக் கேமராவோடு சேர்த்து இறுக்கிப் பிணைத்துவிட்டு, உள்ளே மெமரி கார்டிலும் பதிவை ஓடவிடுகிறார்கள்.