வெங்காயம் நமக்குக் குளிர்ச்சி, ஜிம்மிக்கு?

எங்கள் வீட்டில் தலைவலி என்றால் சுக்குப் பற்று. சளி என்றால் தூதுவளை ரசம். வயிறு மந்தம் என்றால் ஓமத் தண்ணீர். டாக்டர் வீட்டுப் படியை மிதிப்பது அபூர்வம். என் மாமியாரிடம் 22 வருஷமாகக் கைவைத்தியம் கற்றுக்கொண்டவள் நான். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கைவைத்தியத்தாலேயே எங்கள் ஜிம்மியைச் சாகக் கிடத்தி, பிறகு மீட்டு வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜிம்மி பொமரேனியன் ஜாதி நாய். 6 கிலோ எடை. போன சித்திரை வெயிலில் மூச்சு இரைக்க, சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. 'உடம்புச் சூடுதான், வேறென்ன!' என்று நானே தீர்மானித்துவிட்டேன். நமக்குச் சூடு என்றால் என்ன செய்வோம்? பழைய சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுச் சாப்பிடுவோம். ஜிம்மிக்கும் தினம் காலையில் அதையே வைத்தேன். ஒரு வேளைக்குப் பத்து வெங்காயம். மோர் ருசியில் அதுவும் தட்டை நக்கித் துடைத்துவிடும்.

ஐந்தாம் நாள் ஜிம்மி வாலாட்டவில்லை. ஆறாம் நாள் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டது. "அம்மா, ஜிம்மி ஒண்ணுக்குப் போனா காப்பி டிகாக்‌ஷன் மாதிரி இருக்கு" என்று என் மகள் ஓடி வந்தாள். உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளைவெளேரென்று இருந்தது.

"சூடு இன்னும் இறங்கலை. நாளைக்கு இன்னும் நாலு வெங்காயம் சேர்த்துப் போடு" என்றார் மாமியார். நான் உரித்துக்கூட வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் கோபித்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துக்கொண்டே, "கைவைத்தியம் ஏதாவது பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு வெட்கம். "ஒண்ணுமில்லை, சும்மா மோர் சாதம்தான்" என்று சொல்லிவிட்டேன். என் மகள் விடவில்லை. "வெங்காயம் போட்டியேம்மா!" என்று போட்டு உடைத்தாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தாம்மா முதல்ல சொல்லணும்" என்றவர், பொறுமையாக விளக்கினார். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள சத்து நமக்கு நல்லது. ஆனால் நாய்க்கும் பூனைக்கும் அது ரத்தத்தின் சிவப்பு அணுக்களை உடைத்துவிடுமாம். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும். பூனைக்கு 5 கிராமே போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் கொடுத்தாலும் கெடுதல்தான். பச்சையோ, வேகவைத்ததோ, வதக்கியதோ, பொடியோ, எல்லாம் ஒன்றுதான். விஷம் உடனே தெரியாது. சில நாள் கழித்துத்தான் சோர்வும், வெளுத்த ஈறும், கறுத்த மூத்திரமும் காட்டும். இன்னொன்றும் சொன்னார். வெயில் காலத்தில் நாய்க்கு முடி உதிர்வதும், இரைப்பதும் அதன் இயல்பு. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதுமாம். ஆக, இல்லாத வியாதிக்கு நான் விஷம் கொடுத்திருக்கிறேன்!

நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் இன்னும் இறங்கினால் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல வேளை, அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. மூன்று வாரம் கழித்துத்தான் ஈறு பழையபடி ரோஜா நிறத்துக்கு வந்தது.

அப்படியானால் பிராணிகளுக்குக் கைவைத்தியமே கூடாதா? அப்படியில்லை. என் பிறந்த வீட்டுப் பசுவுக்கு மடிநோய் வந்தபோது கால்நடை மருத்துவரே ஒரு பக்குவம் சொல்லிக் கொடுத்தார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, விழுதில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, ஐந்து நாள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்லித் தரும் வைத்தியம் இது. மடியின் வீக்கம் வடிந்ததை நானே பார்த்தேன். எந்தப் பிராணிக்கு, எந்த மருந்து, எவ்வளவு என்று பார்த்துச் சொன்னது அது. நான் செய்தது, நமக்கு ஆகும் என்பதால் அதற்கும் ஆகும் என்ற குருட்டுக் கணக்கு.

வீட்டில் நாய், பூனை வளர்க்கும் சகோதரிகள் இவற்றை மனசில் வையுங்கள்:

காய்ச்சல் என்று பூனைக்குப் பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கற்பூரம் கலந்த எண்ணெயைச் சொறிக்குத் தடவாதீர்கள். அவை உடம்பை நக்கும். தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

நம் தட்டில் மிஞ்சிய சாம்பார் சாதத்திலும், பிரியாணியிலும் வெங்காயம், பூண்டு இருக்கிறது. குழந்தைகள் ஆசையாக ஊட்டுவதைக் கவனியுங்கள்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். வாயில்லா ஜீவன் தான் சாப்பிட்டதைச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஜிம்மிக்கு வெங்காயம் போடாத மோர் சாதம்தான். மாமியாரே தனியாகப் பிசைந்து வைக்கிறார். "இதுக்கு ஏதாவது கொடுக்கலாமான்னு முதல்ல அந்த டாக்டர் பொண்ணைக் கேட்டுட்டு வா" என்று அவரே சொல்லுகிறார்!